சர்க்யூட் இதழ்: தாளிலா, திரையிலா?

டெல்லியிலிருந்து 1969 முதல் வரும் ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’வின் பழைய இதழ்கள் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் காசு கொடுக்கும்முன் உள்ளே புரட்டிப் பாருங்கள். வேண்டிய பிசிபி படத்தை மட்டும் யாரோ புண்ணியவான் கிழித்திருப்பார்.

சால்டரிங் செய்யும்போது தாள்தான் வசதி. ஈயம் படிந்த கையோடு போனைத் தேய்க்க வேண்டாம். சர்க்யூட் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வைத்து முடித்த ஒவ்வொரு பாகத்தையும் பென்சிலால் டிக் அடித்து வாருங்கள்.

பிடிஎஃப்-இன் பலம் தேடல். ‘555’ என்று தட்டினால் அந்த டைமர் ஐசி வரும் பக்கமெல்லாம் வரும், ஸ்கேன் செய்தவர் எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாகவும் மாற்றியிருந்தால். மங்கலான ஸ்கேனில் புள்ளி மறைந்து 4.7கே ரெசிஸ்டர் 47கே ஆகிவிடும், உஷார்.

பிசிபி படத்தைப் பிரின்ட் எடுக்கும்போது கடைக்காரரிடம் ‘100 சதவீதம்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ கொடுத்தால் படம் சுருங்கும். 40 கால் ஐசியைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள்: கால்களுக்கு இடையே 2.54 மிமீ, ஒரு வரிசையின் முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் 48.26 மிமீ. கடைசிக் கால் புள்ளியை விட்டு விலகினால் அந்தத் தாள் குப்பைக்கு.

அச்சுப் பிழைத் திருத்தம் பெரும்பாலும் பிந்தைய இதழில்தான் வரும். பாகம் வாங்கும்முன் அடுத்த இரண்டு மூன்று இதழ்களையும் பார்த்துவிடுங்கள்.