அடுத்த காம்பிராவுக்கும் போகட்டும் அந்தப் புத்தகம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

புஸ்ஸல்லாவையில் பஸ் ஏறி இறம்பொடையில் இறங்கும்வரை ஒரு நாவலை மடியில் வைத்து வாசித்து வருவதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் வாயெடுத்தால் "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கிறார்கள் என்ற உன் வருத்தம் நியாயமானது. வாசிக்கிற புத்தகத்தை மற்றவரிடம் எப்படிக் கொண்டுபோவது என்பது உன் கேள்வி. உன் மலைகளிலேயே நூறு வருடங்களாகப் பலர் அதற்கு வழி தேடியிருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பற்றி.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர் 1887-இல் பிறந்தவர். தோட்டத் துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரியாக உள்ளே போய், தொழிலாளர் குடியிருந்த லயங்களின் நிலைமையை நேரில் கண்டவர் அவர். 1924-இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். தொழிலாளருக்காகச் சிறு நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் எழுதி அச்சிட்டார். ஆனால் அன்றைய தோட்டத்தில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அச்சடித்த தாளை அவர்கள் கையில் கொடுத்து என்ன பயன்?

அங்கேதான் அவர் மனைவி மீனாட்சியம்மை வருகிறார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் அரசியலைப் பாட்டாக எழுதி, தோட்டத் தொழிலாளர் முன்னால் தானே பாடினார். அந்தப் பாடல்கள் 1940-இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வந்தன. அந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ள யாரும் நூலை விரித்துப் படிக்க வேண்டியிருக்கவில்லை, காதால் கேட்டாலே போதுமாக இருந்தது. மலையக வாசிப்பின் வரலாற்றில் மீனாட்சியம்மையின் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். புத்தகத்துக்கும் மனிதருக்கும் நடுவில் எழுத்தறிவு ஒரு சுவராக நின்றபோது, தன் குரலாலேயே அதைத் தாண்டியவர் அவர்.

ஆகவே உன் முதல் வாசகரைப் பாடசாலையில் தேடாதே. வீட்டில் உன் அம்மாயி இருக்கிறார். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலை வாசிகசாலையில் கண்டால் எடுத்துவந்து, ஒரு பாட்டைச் சத்தமாக வாசித்துக் காட்டு. சி.வி. இதே நுவரெலியா மாவட்டத்தில், வட்டகொடைப் பக்கம் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர். 1947-இல் தலவாக்கலையிலிருந்து முதல் நாடாளுமன்றத்துக்குப் போனவர். கவிதை ஆங்கிலத்தில் எழுதினாலும், லயத்து வாசலிலும் கொழுந்து மலையிலும் வாய்வழியே உலவிய பாட்டுகளை விடாமல் எழுதி வைத்தார். அவர் மறைவதற்கு முந்திய வருடம், 1983-இல், அவை நூலாக வந்தன. நீ வாசிக்கும்போது, "அந்த வரி அப்படியில்ல, எங்க தோட்டத்துல வேற மாதிரி பாடுவோம்" என்று அம்மாயி குறுக்கிடலாம். குறுக்கிட்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு அவர் பாடுவதைக் கொப்பியில் எழுதிக்கொள். சி.வி. செய்த வேலையும் அதுதான்.

இனி, எழுத்தறிந்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற விஷயம். இதில் தமிழில் க.நா. சுப்ரமணியத்தை மிஞ்சியவர் இல்லை. 1912 முதல் 1988 வரை வாழ்ந்த அவர் நாவலாசிரியர், விமர்சகர், மொழிபெயர்ப்பாளர். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் வாசித்ததை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தவர். தான் விரும்பிய நூல்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளை 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் புத்தகமாக்கினார். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலை விடாமல் எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அவர். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' பிடித்துப்போனபோது புகழ்ந்ததோடு நிற்காமல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நோர்வே எழுத்தாளர் க்னுட் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும், சுவீடனின் பேர் லாகர்குவிஸ்டின் நாவலை 'அன்பு வழி' என்றும் தமிழுக்குத் தந்தார். பிறகு வந்த தமிழ் எழுத்தாளர் பலர் அவற்றை வாசித்து எழுத வந்தவர்கள்.

'நிலவளம்' பற்றி உன் அப்பாவிடம் சொல்வதாக வைத்துக்கொள். "நோபல் பரிசு பெற்றவர் எழுதியது" என்றால் அவர் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இப்படிச் சொல்லிப் பார்: "ஈசாக்னு ஒரு ஆள் தனியா காட்டுக்குள்ள போயி, மரத்தை வெட்டி, மண்ணைத் திருத்தி, வீடு கட்டுறான். கடைசில அந்த மண்ணு அவனுக்கே சொந்தமாகுது." காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டுவிட்டு, குடியிருக்கும் லயத்துக் காம்பிராவுக்குக்கூட உறுதிப் பத்திரம் இல்லாமல் தலைமுறைகளைக் கழித்த ஒரு சமூகத்தில் அந்தக் கடைசி வாக்கியம் என்ன செய்யும் என்று நீயே யோசி. அதே புத்தகத்தைக் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கும் அண்ணனுக்குச் சொல்வதானால், வேறு பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பரிந்துரைகள் தோற்றுப்போகின்றன. "கட்டாயம் வாசிக்க வேண்டிய நூறு நூல்கள்" என்று ஒரு பட்டியலை நீட்டுவது வாசிக்கத் தொடங்குபவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. அது எந்த ஒருவரையும் மனதில் வைத்துப் போட்டதல்ல. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு என்பவை. அதே வருடம் மன்னார்குடியில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டு, புத்தகங்களைச் சுற்றுக் கிராமங்களுக்கு ஏற்றிச் சென்றது. வாசகர் வரட்டும் என்று காத்திராமல் நூல் அவரிடம் போன அந்த முறைதான் தோட்டத்துக்கும் பொருந்தும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் ஒருவரை, பஸ் ஏறி டவுன் நூலகத்துக்குப் போகச் சொல்வது நடக்கிற காரியமா?

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா இப்படி வாசகரைத் தேடித்தான் போனார். சலூன் தொழிலாளியான அவர் 1966-இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, பிரதிகளைக் கையில் சுமந்து தெருத்தெருவாகப் போய், ஆளைப் பார்த்து, பேசி, விற்றார். பல பத்தாண்டுகள் அந்த இதழ் வந்தது. தன் இதழை யார் வாசிக்கிறார்கள் என்று முகம் பார்த்து அறிந்திருந்த ஆசிரியர்கள் உலகத்திலேயே அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

மலையகத்துக்கே வருவோம். அறுபதுகளில் பத்திரிகைகளில் தோட்டத்துக் கதைகள் நிறைய வந்தன. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் போட்டிகள் நடத்தியது. பரிசு பெற்ற கதைகளை வீரகேசரி 1971-இல் 'கதைக் கனிகள்' என்று தொகுத்தது. என்.எஸ்.எம். இராமையாவின் புகழ்பெற்ற கதை 'ஒரு கூடைக் கொழுந்து' 1961-இல் தினகரனில் வந்தது. அது ஒரு புத்தகத்துக்குள் வர 1980 ஆயிற்று. ஏறத்தாழ இருபது வருடம் அந்தக் கதை எப்படி உயிரோடு இருந்தது? பத்திரிகைத் துண்டை வெட்டி வைத்தவர்களும், "நீ அதைப் படிச்சியா?" என்று அடுத்தவரிடம் கேட்டவர்களுமே அதற்குக் காரணம் என்றுதான் சொல்ல வேண்டும். 1997-இல் துரை விஸ்வநாதன் என்ற வணிகர் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, சிதறிக் கிடந்த கதைகளை எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பைக் கொண்டு தொகுப்பித்து 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற நூல்களாக வெளியிட்டார். வியாபாரியாக மட்டும் இருந்திருந்தால் அந்தப் பணத்தை அவர் வேறெங்காவது போட்டிருப்பார். அவர் முதலில் ஒரு வாசகர்.

சாரல்நாடனையும் மறந்துவிடாதே. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பழைய ஏடுகளைத் தேடித்தேடி வாசித்து, 1988-இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலை எழுதியவர் அவர். இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் உள்ள செய்திகள் இன்று பரவலாகத் தெரிந்திருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

உன் வயதுத் தோழிகளுக்கு எதைக் கொடுப்பது? தடித்த நாவலை முதலில் நீட்டாதே. இராமையாவின் கதையில் தொடங்கு. கொழுந்து பறிக்கும் பெண்ணை மையமாகக் கொண்ட அது, ஒரு பஸ் பயணத்துக்குள் முடிந்துவிடும். அது பிடித்தவர்களுக்கு 'எரியும் பனிக்காடு' கொடுக்கலாம். வால்பாறைப் பக்கம் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்தது. தமிழில் தந்தவர் இரா. முருகவேள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பித் தேயிலைக் காட்டுக்குப் போகும் கதை. கடல் தாண்டி, கங்காணியின் பின்னால் வந்தவர்களின் பேத்தி அதை வாசிக்கும்போது, மேஸ்திரி முன்பணத்தை எண்ணிக் கொடுக்கும் இடத்திலேயே பின்னால் வரப்போவதை உணர்ந்துவிடுவாள். அந்த இடத்தை மட்டும் சொல்லிக் கொடு. முடிவைச் சொல்லிவிடாதே.

நம் ஊர்க்காரர் எழுதியது என்ற ஒரே காரணத்துக்காக எந்த நூலையும் சிபாரிசு செய்ய வேண்டாம். உனக்கு அலுப்புத் தட்டிய பக்கங்கள் இருந்தால் அதையும் சொல். "நடுவுல கொஞ்சம் இழுக்கும், அதைத் தாண்டிப் போ" என்பவளைத்தான் அடுத்த தடவையும் நம்புவார்கள். முழுவதும் முடித்த பிறகுதான் பேச வேண்டும் என்றும் இல்லை. பாதியில் இருக்கும்போது உனக்கே தெரியாத முடிவைப் பற்றித் தோழியோடு வாதாடலாம், பேச்சு அப்போதுதான் சூடாக இருக்கும்.

பழைய மலையக நூல்கள் பல இன்று கடைகளில் இல்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது, யாரும் இலவசமாக வாசிக்கலாம். போன் இல்லாதவர்களுக்காக ஒரு சிறுகதையை மட்டும் அச்செடுத்து, ஓரத்தில் கட்டி, கைமாற்றிக் கொடு. கடைசித் தாளை வெறுமையாக விட்டு, வாசித்தவர்கள் பெயரையும் ஒரு வரிக் கருத்தையும் எழுதச் சொல். அந்தத் தாள் நிரம்பியதும் அடுத்த கதையை அச்செடு.

அன்புடன்,
அக்கா