லாரியிலிருந்து இறங்கும் முன்னும் பின்னும்

சென்னையிலிருந்து மதுரைக்கும், தஞ்சாவூரிலிருந்து கரூருக்கும் செல்லும் சரக்கு லாரிகள் திருச்சிராப்பள்ளியைத் தொட்டே செல்கின்றன. பால்பண்ணையிலும் அரியமங்கலத்திலும் நெ.1 டோல்கேட்டிலும் லாரி ஓட்டுநர்களைக் காணாத பொழுதில்லை. அவர்களுள் பலர் நாற்பது வயதைக் கடந்ததும் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ எங்களிடம் வருகின்றனர். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், இன்னும் எத்தனை வருஷம் வண்டி ஓட்டலாம்?" இக்கேள்விக்கான விடையை ஓட்டுநர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஓட்டுநர் தொழில் உடலைத் தாக்கும் விதம் இன்று நேற்று கண்டறியப்பட்டதன்று. லண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே பேருந்தில் பணிபுரிந்த இருவருள், உட்கார்ந்தே இருந்த ஓட்டுநருக்கு, மாடிப்படிகளில் நாள் முழுதும் ஏறி இறங்கிய நடத்துநரைவிட மாரடைப்பு மிகுதியாக வந்தது. நம் லாரி ஓட்டுநருக்கோ உட்கார்ந்திருத்தலோடு இரவு விழிப்பும், என்ஜின் வெப்பமும், நேரம் தவறிய பரோட்டாவும், வண்டியை நிறுத்த நேரிடும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்கின்றன. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அந்தக் கணக்கில் லாரி ஓட்டியவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

எனினும், நீரிழிவு வந்துவிட்டது என்பதற்காகவே ஒருவர் லாரியை விட்டுவிட வேண்டியதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர் எல்லாரும் இறங்கியாக வேண்டும் என்பதும் சரியன்று. இன்சுலின் போடுபவர்களைக் கனரக வாகனம் ஓட்டவே விடாதிருந்த பிரிட்டன், 2011ஆம் ஆண்டில் அத்தடையை நீக்கித் தனித்தனியே சோதித்து அனுமதிக்கத் தொடங்கியது. ஆயினும் சிலரிடம் நாங்கள் "போதும், இறங்கிவிடுங்கள்" என்று உறுதியாகச் சொல்கிறோம். சர்க்கரை தாழ்ந்து பிறர் உதவியால் மட்டுமே மீண்டவர், தாழ்வது தெரியாமலே மயங்குபவர், வலிப்பு நோயுள்ளவர், விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை குறைந்தவர், பாதத்தில் உணர்விழந்து பிரேக்கின் மேல் கால் இருக்கிறதா என்பதையே கண்ணால் பார்த்து அறிபவர், இதயத்தின் இயக்கும் திறன் வெகுவாகக் குறைந்தவர் ஆகியோர் இவ்வகையினர். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயுள்ளவர் சிகிச்சை பெற்று, பகல் தூக்கம் நீங்கும்வரையிலாவது ஓட்டக் கூடாது. பலத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதும் குடும்பத்தார் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

இந்த அறிவுரைக்கு அஞ்சி உண்மையை மறைப்பதுதான் நாங்கள் காணும் பெரிய இடர். ஐம்பது வயதை நெருங்கிய ஓட்டுநர் ஒருவருக்கு மூன்று மாத சர்க்கரை அளவு எத்தனை மருந்து கூட்டியும் இறங்கவில்லை. ஒருநாள் அவர் மனைவி இன்சுலின் பேனாக்களைப் பையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பாதிக்குமேல் பயன்படுத்தப்படவே இல்லை. "லோடு ஏத்திட்டுப் போற நாளெல்லாம் ஊசி போட மாட்டாருங்க. வழியில மயக்கம் வந்தா என்ன பண்றதுன்னு பயம். உங்ககிட்ட சொன்னா வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லிடுவீங்கன்னு அதுக்கும் பயம்" என்றார். கணவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவர் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் எல்லாம் அந்தச் சம்பளத்தையும் படியையும் நம்பியே இருந்தன. ஆனால் ஊசியை விட்டதால் சாலை அவருக்குப் பாதுகாப்பாகிவிடவில்லை. உயர்ந்த சர்க்கரை அவர் கண்ணையும் பாதத்தையும் ஓசையின்றி அரித்துக்கொண்டிருந்தது. அன்று முதல் அவருக்கு வேறு தொழில் தேடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கொண்டோம்.

தொழில் மாறும்வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்போர், மருத்துவர் இசைந்தால், சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும். இவை இன்சுலினுக்கு மட்டுமல்ல, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளுக்கும் பொருந்தும். வண்டியை எடுக்கும் முன்பும், பின்னர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் விரல் நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும். 90க்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்ட பின்பே புறப்படலாம். 70க்குக் கீழ் என்றால் ஓட்டவே கூடாது. ஓடும்போது வியர்வையோ நடுக்கமோ தடுமாற்றமோ தோன்றினால் உடனே ஓரம் கட்டிச் சாவியை எடுத்துவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அளவு சரியான பிறகும் மூளை தெளிய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை கிளீனர் அவசரப்படுத்தினாலும், முதலாளி கைப்பேசியில் அழைத்தாலும் வண்டி நிற்கட்டும். சில இதய மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும் என்பதால், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி அடுத்த தொழில். "லாரியை விட்டுவிட்டுக் குட்டி யானை வாங்கி உள்ளூரில் ஓட்டுகிறேனே" என்று பலரும் கேட்கின்றனர். இரவுப் பயணம் இல்லாததால் சிலருக்கு அது ஏற்றதே. ஆனால் தெரியாமல் மயங்குபவருக்கு வண்டி சிறிதானதால் நோய் சிறிதாகிவிடாது. காந்தி சந்தையின் காலை நெரிசலில் கேட்டின் அளவும் குறையாது. இரவுக் காவலாளி வேலை எளிதில் கிடைக்கும். அதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் உடலைக் கெடுத்த இரவு விழிப்பு அங்கும் தொடர்கிறது. பகல் நேரத்து வேலைகளே நல்லவை. புக்கிங் ஆபீஸ், எடைமேடை, கிடங்கு, உதிரிபாகக் கடை ஆகிய இடங்களில் ஓட்டுநரின் அறிவுக்கு மதிப்புண்டு. எந்தச் சரக்கை எப்படி அடுக்கித் தார்ப்பாய் கட்டுவது, எந்த வழியில் எவ்வளவு டீசல் ஆகும், எந்த ஊரில் இறக்குகூலி எவ்வளவு என்பதெல்லாம் இருபதாண்டு ஓடியவர்க்கு மனப்பாடம். கொஞ்சம் நிலமிருப்போர் வாழையையும் எண்ணிப் பார்க்கலாம். 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சிக்கு அருகே தாயனூரில் உள்ளது. வாழைச் சாகுபடியிலும், வாழையிலிருந்து உணவுப் பொருள்கள் செய்வதிலும் அங்கே பயிற்சி பெறலாம்.

வேலையை விட்ட முதல் மூன்று மாதங்களில் மருத்துவமனைக்கு வருவதைக் குறைத்துவிடாதீர்கள். வீட்டுச் சாப்பாடும் சீரான உறக்கமும் கிடைத்தவுடன் சிலருக்குச் சர்க்கரை சட்டென இறங்கும். பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் தாழ்நிலை வரும். வேறு சிலர் வீட்டில் முடங்கி எடை கூடுவர். தூக்கத்தை விரட்டப் பழகிய புகையிலையும் தேநீரும் தேவையற்றுப் போகும் இக்காலமே அவற்றைக் குறைக்கவும் ஏற்ற காலம். மனச்சோர்வையும் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். ஊர் ஊராகச் சென்றவர் திண்ணையில் அமர்ந்து எரிந்து விழுந்தால் அதைக் குணக்கேடு என்று எண்ணாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

நடைப்பயிற்சிக்குத் திருவரங்கத்தின் உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும் மிக வசதியானவை. ஒரே ஓர் எச்சரிக்கை: பாத உணர்விழந்தவர்கள் நண்பகலில் கோயிலின் கற்தளத்தில் வெறுங்காலோடு நடந்து கொப்புளத்துடன் வருவதைக் கோடைதோறும் காண்கிறோம். அரங்கனை விடியற்காலையிலோ மாலையிலோ தரிசியுங்கள். வீடு திரும்பியதும் பாதங்களை வேறொருவர் பார்க்கட்டும்.

பணம் பற்றி இரண்டு செய்திகள். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கெனத் தனி நல வாரியம் உண்டு. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, 60 வயது நிறைந்தபின் ஓய்வூதியம் ஆகியவை அதில் அடங்கும். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பெறும் பதிவு இது. ஆகவே உரிமம் காலாவதியாகும் முன்பே, தொழில் மாறினால் பதிவு என்னவாகும் என்பதைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபெறுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றுடன் அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

உரிமத்தைப் புதுப்பிக்கும் ஓட்டுநர்கள் மருத்துவச் சான்றுக்கான படிவம் 1-அ உடன் எங்களிடம் வருவர். கையெழுத்து மட்டும் போதும் என்று கடைசி நாளில் வருவதைத் தவிர்த்து, ஒரு மாதம் முன்பே, வீட்டிலிருந்து ஒருவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். சர்க்கரை அளவுகளைக் குறித்த ஏடு, கண் பரிசோதனை அறிக்கை, பயன்படுத்தியவையும் பயன்படுத்தாதவையுமான மருந்துகள் யாவும் அப்போது கையில் இருக்கட்டும்.