மலைக்கு நோய் ஏறாதா?

கொல்லிமலைக் காற்றுக்குக் கால்நடைகளை நோய் அண்டாது என்பது பழைய நம்பிக்கை. சாமையும் தினையும் விதைத்து ஒதுங்கி வாழ்ந்த காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வண்டிகள் செம்மேட்டுக்கு வருகின்றன. அடிவாரச் சந்தையில் வாங்கிய ஆடும் அதே சாலையில்தான் ஏறுகிறது. கோமாரி பரவ நோயுற்ற மாடே வரவேண்டியதில்லை. அதன் எச்சில் பட்ட கயிறோ, தீவனச் சாக்கோ, ஆளின் செருப்போ போதும்.

தடுப்பூசி போடச் சொன்னால், “ஊசி போட்ட பிறகுதான் மாட்டுக்கு நோய் வந்தது” என்கிறார்கள். இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்தது அது. ஆனால் கோமாரி ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி; அதனால் நோயைத் தர முடியாது. கிருமி உடம்பில் புகுந்து வாயில் கொப்புளம் தெரிய இரண்டு நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகலாம். ஊசியின் காப்பு முழுமையாகப் பிடிக்கவும் இரண்டு மூன்று வாரம் வேண்டும். பக்கத்துக் கொட்டகையில் நோய் கண்டபின் ஓடிப்போய்ப் போட்டால், ஏற்கெனவே கிருமி புகுந்த மாடு நோயில் விழத்தான் செய்யும். பழி ஊசிமேல் விழுகிறது. நோய் இல்லாத நாளில் போடுவதே தடுப்பூசி. காய்ச்சல் கண்ட மாட்டுக்கு அப்போது போடக் கூடாது; நிறைசினை மாட்டுக்கு மருத்துவரைக் கேட்டே போடவேண்டும். பால் ஓரிரு நாள் குறையலாம், பிறகு பழையபடி சுரக்கும். அந்தப் பாலைத் தயங்காமல் குடிக்கலாம்.

“போன வருஷம்தான் போட்டோமே?” கோமாரி ஊசியின் காப்பு ஆறு மாதம்தான். ஆட்டுக்கொல்லி ஊசி அப்படியல்ல, ஒருமுறை போட்டால் மூன்றாண்டுக்காவது தாங்கும். மூக்கொழுகலைப் பனி என்றும் கழிச்சலை இளம்புல் என்றும் நினைத்து விட்டுவிடுகிறோமே, அதற்குள் மந்தையையே காலிசெய்துவிடும் நோய் இது. இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்தது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987-இல். அந்த அரசூர்க் கிருமியையே வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. நம் மண்ணில் எடுத்த கிருமி, நம் ஆட்டுக்கே காவல்!

கோமாரி வாய்ப்புண்ணுக்கு மஞ்சளும் வெந்தயமும் சீரகமும் அரைத்துத் தடவுவது நல்ல பராமரிப்பு, விடவேண்டாம். ஆனால் அது நோய் வராமல் தடுக்காது. தடுப்பது ஊசிதான். மாடுகளின் வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததற்கு முக்கியக் காரணம் தடுப்பூசி.

நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் என்பதும் பாதிதான் உண்மை. வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் கூண்டே காலி. செத்த கோழியை ஓடையில் வீசாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கவேண்டும்.

மலைமக்கள் ஊசிக்கு எதிரிகள் என்பது கீழே இருப்பவர்களின் நம்பிக்கை. அதுவும் தவறு. நண்பகலில் முகாம் வந்தால் ஆடுமாடு மேய்ச்சலில் இருக்கும், கோழி காட்டில் திரியும். பனிக்கட்டிப் பெட்டியில் குளிர் குறையாமல் மருந்தைக் கொண்டுவந்து, பட்டி திறக்குமுன் விடியற்காலையில் ஊருக்குள் நிற்கட்டும். யார் மறுக்கிறார்கள் என்று அப்போது பார்க்கலாம்.