கொசுவின் வயிற்றில் கிடைத்த விடை

மாதாப்பூருக்குக் கிழக்கே பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்தின் அருகே ஒரு பழங்கட்டடம் உள்ளது. மருத்துவ உலகை நெடுங்காலம் வாட்டிய வினா ஒன்றுக்கு அங்கே விடை கிடைத்தது.

'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் 'தீய காற்று' என்பது பொருள். சதுப்பு நிலக் காற்றே இக்காய்ச்சலைத் தருவதாக மக்கள் நம்பினர். 1880இல் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். ஆனால், அது பிறருக்கு எவ்வாறு பரவுகிறது?

இராணுவ மருத்துவரான ரொனால்டு ராஸ் இதனை ஆராய்ந்தார். உசேன்கான் என்னும் நோயாளியைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, கொசு ஒன்றுக்கு ஓர் அணா கொடுத்தார். (கடிபட்டவரின் பெயரும் வரலாற்றில் நிலைத்தது நன்றே!) பின்னர் அக்கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் நோக்கினார். 1897 ஆகஸ்டு 20 அன்று, அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். மறு ஆண்டு, பறவைகளுக்கு வரும் மலேரியாவைக் கல்கத்தாவில் ஆராய்ந்தார். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது பறவையின் உடலில் புகுவது புலனாயிற்று. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செடிகளையும் பூச்சிகள் விட்டுவைப்பதில்லை. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் நோய்க்குரிய வைரசைச் சாறு உறிஞ்சும் வெள்ளை ஈ பரப்புகிறது.

நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை, மூடாத நீர்த்தொட்டிகளிலும் கட்டுமான இடங்களில் தேங்கும் தெளிந்த நீரிலும் முட்டையிடும். உயர்ந்த கட்டடங்கள் எழுந்துகொண்டே இருக்கும் மாதாப்பூரில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்திற்கு மேலாகும். ஆதலால், வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவி உலர்த்தினால் புழுக்கள் கொசுவாகும் முன்பே அழிந்துவிடும்.