திகதிகளிலிருந்து கிழமை வாடகை: விரிதாளில் கணக்கிடும் முறை

கொங்கிரீட் மிக்சர், சாரக் குழாய், பலகை, தண்ணீர்ப் பம்ப் போன்றவற்றைப் பதுளை நகரிலிருந்து பசறை, லுணுகலை, ஹாலி-எல, ஹல்துமுல்ல பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கு அனுப்புவோர் பெரும்பாலும் இரண்டு திகதிகளையே குறித்து வைக்கிறார்கள்: பொருள் போன நாள், திரும்பி வந்த நாள். இந்த இரண்டையும் வைத்து எத்தனை கிழமை, எவ்வளவு பணம் என்பதை எக்செல், லிப்ரே ஆபீஸ் கல்க், கூகுள் ஷீட்ஸ் ஆகிய எந்த விரிதாளிலும் கணக்கிடலாம். சூத்திரம் எளிது. எந்த விதிப்படி கணக்கிடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் உண்மையான வேலை.

கீழே வரும் சார்புகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றையும் நிரல் எழுத்துகளையும் ஆங்கிலத்திலேயே தட்ட வேண்டும்.

1. விதியை எழுதி வைத்தல்

ஒரே வாடகைக்கு மூன்று விதமாகப் பணம் கேட்க முடியும். ஒரு மிக்சர் 2025 ஒக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை தோட்டத்துக்குப் போய், ஒக்டோபர் 23, வியாழக்கிழமை திரும்புகிறது. உதாரணத்துக்குக் கிழமை வாடகை 14,000 ரூபா, நாள் வாடகை 2,500 ரூபா என்று வைத்துக்கொண்டால், போன நாளும் வந்த நாளும் சேர்த்து 17 நாட்கள்.

- தொடங்கிய கிழமை முழுக் கிழமையாகும் என்றால்: 3 கிழமை, 42,000 ரூபா.
- முழுக் கிழமைக்குக் கிழமை வாடகை, மிச்ச நாளுக்கு நாள் வாடகை என்றால்: 2 கிழமையும் 3 நாளும், 35,500 ரூபா.
- கிழமை வாடகையை நாள் விகிதத்தில் பிரித்தால்: 34,000 ரூபா.

முதல் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் இடையே 8,000 ரூபா வித்தியாசம். எனவே எந்த விதி என்பது பில் புத்தகத்திலேயே அச்சாகியிருப்பது நல்லது. போகும் நாளும் வரும் நாளும் இரண்டுமே கணக்கில் சேருமா என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். மலைப் பாதையில் லொறி மாலையில் போய்ச் சேர்ந்தால், அன்று மிக்சர் ஒரு வேலையும் செய்திருக்காது. அந்த நாள் யாருடைய கணக்கு என்ற பேச்சு பொருளை ஏற்றும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

2. நிரல்களை அமைத்தல்

முதல் நிரையில் தலைப்புகள் வரட்டும். ஏ நிரலில் பில் இலக்கம், பி நிரலில் பொருள், சி நிரலில் எடுத்த திகதி, டி நிரலில் திருப்பிய திகதி, ஈ நிரலில் கிழமை வாடகை, எஃப் நிரலில் நாள் வாடகை. இவை ஆறும் கையால் நிரப்புபவை. ஜி நாட்கள், எச் முழுக் கிழமைகள், ஐ மிச்ச நாட்கள், ஜே தொகை ஆகிய நான்கும் சூத்திரம் நிரப்புபவை. சூத்திர நிரல்களுக்கு வேறு நிறம் கொடுத்தால், தவறுதலாக அவற்றின் மேல் எண்ணைத் தட்டிவிடும் வாய்ப்பு குறையும்.

3. திகதியைச் சரியாக உள்ளிடுதல்

விரிதாள் ஒவ்வொரு திகதியையும் உள்ளே ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. எக்செலில் 1900 ஜனவரி 1 என்பது 1. அந்த வரிசையில் 2025 ஒக்டோபர் 7 என்பது 45937, ஒக்டோபர் 23 என்பது 45953. ஒரு திகதியிலிருந்து இன்னொன்றைக் கழிக்க முடிவது இதனால்தான்.

கணினி அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால் 07/10/2025 என்பது ஜூலை 10 ஆகிவிடும். 07/10/2025 அன்று எடுத்து 09/10/2025 அன்று திருப்பிய பொருள் மூன்று நாள் வாடகைக்குரியது. அந்தக் கணினியோ அதை ஜூலை 10 முதல் செப்டெம்பர் 10 வரை என்று வாசித்து 63 நாள், அதாவது சரியாக ஒன்பது கிழமை என்று காட்டும். விடை முழு எண்ணாக வருவதால் சந்தேகமும் எழாது. 23/10/2025 என்பதை அதே கணினி திகதியாகவே ஏற்காது. அது வெறும் எழுத்தாகக் கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். உண்மையான திகதி வலப்பக்கம் ஒட்டும்.

இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே மருந்து, 2025-10-07 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தட்டுவது.

4. நாட்களை எண்ணுதல்

ஜி2 கலத்தில்:

=இஃப்(டி2="",டுடே(),டி2)-சி2+1

பொருள் இன்னும் திரும்பவில்லை, டி2 வெறுமையாக இருக்கிறது என்றால் சூத்திரம் இன்றைய திகதியை எடுத்துக்கொள்ளும். இன்று வரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது தாளைத் திறக்கும்போதெல்லாம் தெரியும். கடைசியில் உள்ள +1 போன நாளையும் சேர்ப்பதற்கு. இரண்டில் ஒரு நாள் மட்டுமே கணக்கு என்பது விதியானால் +1 வேண்டியதில்லை. மேலுள்ள உதாரணத்தில் அப்போது 16 நாட்கள் வரும்.

விடை 17 என்று வராமல் 1900ஆம் ஆண்டுத் திகதி ஒன்றாகத் தெரிந்தால் கணக்கில் பிழை இல்லை. கலத்தின் வடிவம் திகதியாக இருக்கிறது. அதைச் சாதாரண எண்ணாக மாற்றினால் போதும்.

5. கிழமையும் தொகையும்

இரண்டாம் விதிக்கான சூத்திரங்கள்:

எச்2: =இன்ட்(ஜி2/7)
ஐ2: =மொட்(ஜி2,7)
ஜே2: =எச்2*ஈ2+மின்(ஐ2*எஃப்2,ஈ2)

இன்ட் தசமத்தை விட்டு முழுக் கிழமையைத் தரும். மொட் ஏழால் வகுத்த மீதியைத் தரும். மின் வாடகைக்கு எடுப்பவரைக் காக்கும்: 6 நாள் மிச்சமானால் நாள் வாடகை 15,000 ரூபா, முழுக் கிழமைக்கோ 14,000 தான். ஆறு நாள் வைத்திருந்தவர் ஏழு நாள் வைத்திருந்தவரைவிடக் கூடுதலாகக் கொடுக்க நேராதபடி இந்தச் சார்பு சிறிய தொகையைத் தெரிவு செய்கிறது.

முதல் விதியென்றால் ஜே2 கலத்தில் =ரவுண்ட்அப்(ஜி2/7,0)*ஈ2. இதற்குப் பதிலாக இன்ட் எடுத்து ஒன்றைக் கூட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது 17 நாளுக்குச் சரியாக 3 தரும். சரியாக 14 நாள் வைத்திருந்தவருக்கும் 3 கிழமை போட்டுவிடும். மூன்றாம் விதிக்கு =ஜி2/7*ஈ2 போதும்.

கிழமை இலக்கம் தரும் வீக்நம் சார்பைக் கொண்டு இந்தக் கணக்கைச் செய்யக்கூடாது. அது ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கும். 2025 டிசம்பர் 29 அன்று 53 என்றும், 2026 ஜனவரி 5 அன்று 2 என்றும் காட்டும். இரண்டையும் கழித்தால் −51.

6. போயாவும் பாதை மூடிய நாளும்

சில உடன்பாடுகளில் போயா, தீபாவளி போன்ற நாட்களுக்கு வாடகை இல்லை. போயா பௌர்ணமியைப் பின்பற்றி வருவதால் அதற்கு நிலையான கிழமை நாள் கிடையாது. 2025இல் வப் போயா திங்களிலும், இல் போயா புதனிலும், உந்துவப் போயா வியாழனிலும் வந்தன. ஆகவே சூத்திரத்தால் அதைக் கண்டுபிடிக்க முயலாமல் பட்டியலாக வைத்துக்கொள்வதே வழி.

விடுமுறை என்ற பெயரில் இன்னொரு தாள் திறந்து, ஏ நிரலில் அந்தத் திகதிகளை எழுத வேண்டும். ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையில் மண்சரிவால் பாதை மூடப்பட்டுப் பொருள் தோட்டத்திலேயே நின்றுவிடும் நாட்களும் உண்டு. அவற்றுக்கு வாடகை இல்லை என்று இணங்கியிருந்தால் அந்தத் திகதிகளும் இதே பட்டியலில் சேரும். பாதை மூடல் எல்லா இடத்துக்கும் பொதுவாக இராது என்பதால், பாதைக்கு ஒரு தாள் வைத்திருப்பது நல்லது. கே2 கலத்தில்:

=கவுண்ட்இஃப்ஸ்(விடுமுறை!ஏ:ஏ,">="&சி2,விடுமுறை!ஏ:ஏ,"<="&இஃப்(டி2="",டுடே(),டி2))

பிறகு எச்2, ஐ2 சூத்திரங்களில் ஜி2 வரும் இடத்தில் (ஜி2-கே2) என்று போட வேண்டும். உதாரணத்தில் ஒக்டோபர் 20 தீபாவளி கழிந்து 16 நாட்கள். 2 கிழமையும் 2 நாளும், 33,000 ரூபா. ஒரே திகதி இரண்டு காரணங்களுக்காகப் பட்டியலில் இருமுறை எழுதப்பட்டால் இரண்டு நாள் கழிந்துவிடும்.

7. தவணைத் திகதிகளைப் பிரித்தல்

கிழமைக்குக் கிழமை பணம் வாங்குவதானால் ஒவ்வொரு தவணையும் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது தேவை. புதிய தாளில் பி1 எடுத்த திகதி, பி2 திருப்பிய திகதி. ஏ4 முதல் கீழ்நோக்கி 1, 2, 3 என்று தவணை இலக்கம்.

பி4: =$பி$1+7*(ஏ4-1)
சி4: =மின்($பி$1+7*ஏ4-1,$பி$2)

இரண்டையும் கீழே இழுத்தால் ஒக்டோபர் 7–13, 14–20, 21–23 என்று மூன்று தவணைகள் கிடைக்கும். டாலர் குறி இருப்பதால், இழுக்கும்போது பி1, பி2 நகராது. நாட்களைக் கழிக்கும் விதி இருந்தால் தவணையின் முடிவு அத்தனை நாள் தள்ளிப்போகும்: தீபாவளிக்கு வாடகை இல்லையென்றால் இரண்டாம் தவணை 21ஆம் திகதி முடிந்து, மூன்றாவது 22இல் தொடங்கும்.

8. மணிக்கணக்கில் ஓடும் வாடகை

எல்லவில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கூட்டர் கொடுப்பது போன்ற வாடகையில், நாள் என்பதை 24 மணி நேரமாக வைத்துக்கொள்ளலாம். அப்போது சி2, டி2 இரண்டிலும் திகதியோடு நேரத்தையும் 2025-10-07 16:00 என்று தட்ட வேண்டும். ஜி2:

=ரவுண்ட்அப்(டி2-சி2-1/24,0)

ஒக்டோபர் 7 மாலை 4 மணிக்கு எடுத்து 14 காலை 9 மணிக்குத் திருப்பினால் 7 நாள், ஒரே கிழமை. திகதிகளை மட்டும் எண்ணினால் 8 நாளாகியிருக்கும். சூத்திரத்தில் உள்ள 1/24 ஒரு மணி நேரச் சலுகை. அது இல்லாவிட்டால் பத்து நிமிடம் பிந்தி வந்தவருக்கும் இன்னொரு நாள் ஏறும்.

9. சரிபார்த்தல்

உண்மையான பில் போடும் முன் ஐந்து சோதனை நிரைகள் போதும்: 1, 7, 8, 14, 15 நாட்கள் வரும்படி திகதிகள் இட வேண்டும். முதல் விதியில் கிழமைகள் 1, 1, 2, 2, 3 என்று வர வேண்டும். இரண்டாம் விதியில் முழுக் கிழமை 0, 1, 1, 2, 2 என்றும், மிச்ச நாள் 1, 0, 1, 0, 1 என்றும் வர வேண்டும். டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும் நிரை ஒன்றையும், திருப்பிய திகதி வெறுமையான நிரை ஒன்றையும் சேர்த்துப் பார்த்து, எல்லாம் சரியாக வந்தபின் சூத்திரங்களைக் கீழே இழுத்துக்கொள்ளலாம்.