செயற்கைக்கோள் சொல்லும் நீர்க்கணக்கை நம்பி மடையைத் திறக்கலாமா?

கேள்வி: என் தம்பி பெனாகா பக்கம் ஏழு ரெலோங் நெல் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். வயலிலிருந்து தினமும் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது, மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் மூலம் கணித்துக் கைப்பேசிக்கே அனுப்புவதாக ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். பருவத்துக்கு ஒரு கட்டணமாம். அத்தனை உயரத்திலிருந்து தண்ணீர்ப் போக்கை எப்படி அளக்க முடியும்? காசு கொடுக்கலாமா? இன்னொன்று: எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் மெலியும்போதெல்லாம், "எல்லாம் நெல்லுக்கே போய்விடுகிறது" என்று பேச்சு எழுகிறது. செயற்கைக்கோளால் இதில் உண்மை என்ன என்று காட்ட முடியுமா?
– வாசகி, செபராங் ஜெயா

பதில்: உங்கள் தம்பியின் வயலுக்கு மட்டும் என்றால், இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தொழில்நுட்பம் பொய்யானது என்பதால் அல்ல. நம் வானமும் அந்த வயலின் அளவும் அதற்கு ஒத்துவரவில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதே தொழில்நுட்பம் மிகவும் பயன்படும்.

ஆவியாகும் நீரை எந்தச் செயற்கைக்கோளும் நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது வெப்பத்தையும் ஒளியையும்தான். வயலில் விழும் வெயிலின் ஆற்றல் மூன்று வழிகளில் செலவாகிறது: மண்ணைச் சூடாக்க, காற்றைச் சூடாக்க, நீரை ஆவியாக்க. முதல் இரண்டையும் கணித்துக் கழித்தால் மிஞ்சுவது மூன்றாவது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். ஏழு ரெலோங் என்பது சுமார் 2 ஹெக்டர். அதில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 1,00,000 லிட்டர். அதாவது 68,000 யூனிட். இவ்வளவு ஆற்றல் ஆவியோடு போய்விடுவதால்தான் தண்ணீர் நிற்கும் வயல் குளிர்ந்தும், காய்ந்த தரை சுட்டும் கிடக்கின்றன. அந்த வெப்ப வேறுபாடு மேலிருந்து தெரியும்.

இந்த அடிப்படையில் நெதர்லாந்தின் விம் பாஸ்டியான்சன் 1990களில் உருவாக்கிய முறைக்கு 'செபால்' என்று பெயர். ஒரே படத்தில் நன்றாக நனைந்து குளிர்ந்த இடம் ஒன்றையும், ஈரமே இல்லாமல் சுட்டுக்கிடக்கும் இடம் ஒன்றையும் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லா இடங்களையும் அவற்றுக்கு இடையில் பொருத்துவார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், எகிப்தில், பாகிஸ்தானின் சிந்துச் சமவெளியில் இந்த வழி நன்றாக வேலை செய்கிறது. பாசன வயலுக்கு அடுத்தே பாலை இருக்கும் ஊர்கள் அவை. செபராங் பிறையில் உண்மையிலேயே காய்ந்த மண்ணை எங்கே தேடுவது? கைக்கு எளிதாகக் கிடைப்பவை பிறை தொழிற்பேட்டைக் கூரைகளும் வாகன நிறுத்துமிடங்களும்தான். ஆனால் கான்கிரீட்டும் தகரமும் வெயிலைத் தேக்கிவைக்கும் விதம் வேறு. காய்ந்த மண்ணைவிட அதிகமாகவும் சுடும். அவற்றை 'வறண்ட இடம்' என்று வைத்துக் கணக்கிட்டால், வயலில் நீரிழப்பு உள்ளதைவிடக் கூடுதலாகவே தெரியும்.

அடுத்தது மேகம். அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை, நம் நேரப்படி முற்பகல் பதினொன்றரை மணி வாக்கில் நம் தலைக்கு மேல் கடக்கின்றன. அந்த நேரத்தில் மேகம் இருந்தால் படம் வீண். ஜனவரி, பிப்ரவரியில் நல்ல படங்கள் கிடைக்கும். மழை மாதங்களில் வாரக்கணக்கில் ஒன்றும் தேறாது. அப்படியிருக்க "தினமும்" என்று ஒருவர் சொன்னால், இடைப்பட்ட நாட்களின் எண்கள் வானிலைக் கணக்கிலிருந்து நிரப்பப்பட்டவை என்று பொருள். நிரப்புவது தவறில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

அளவையும் பாருங்கள். லேண்ட்சாட்டின் வெப்ப உணரி பார்க்கும் ஒரு கட்டம் 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டர். தம்பியின் வயலின் பரப்பு இரண்டு கட்டம். வரப்பும் வாய்க்காலும் பக்கத்து வயலும் கலக்காத ஒரு கட்டம்கூட அதில் அமைவது அரிது. மண் ஈரத்துக்கென்றே நாசா 2015 ஜனவரியில் ஏவிய 'ஸ்மாப்' இன்னும் பெரிய கட்டத்தைப் பார்க்கிறது. ஒரு பக்கம் 36 கிலோமீட்டர்! பினாங்குத் தீவு, நீரிணை, செபராங் பிறை எல்லாம் ஒரே கட்டத்தில் விழுந்துவிடலாம். கடல் கலந்த கட்டத்தில் மண் ஈரம் பேசுவதில் பொருளில்லை. அதுவும் அது உணர்வது மேல்மண்ணின் 5 சென்டிமீட்டரை மட்டுமே.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. வயலில் தண்ணீர் நிற்கும்வரை, எவ்வளவு ஆவியாகும் என்பதை முடிவுசெய்வது தண்ணீர் இருப்பு அல்ல, வெயில். அதைக் கணிக்கப் பட்டர்வொர்த் வானிலை நிலையத்தின் தரவே பெரும்பாலும் போதும். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் 1998ஆம் ஆண்டுக் கையேடு, புல்தரையிலிருந்து ஆவியாகும் அளவைக் கணக்கிட்டு, அதை நெல்லுக்கு நட்டவுடன் 1.05ஆலும் பயிர் வளர்ந்து நிற்கும்போது 1.20ஆலும் பெருக்கச் சொல்கிறது. இந்தக் கணக்குக்கு மேல் செயற்கைக்கோள் என்ன கூட்டிச் சொல்கிறது என்று அந்த விற்பனையாளரிடம் கேளுங்கள்.

தம்பிக்கு உண்மையில் தெரியவேண்டியது வேறு: வயலில் குறையும் தண்ணீரில் எவ்வளவு வானுக்குப் போகிறது, எவ்வளவு மண்ணுக்குள்ளும் வரப்பு வழியாகவும் போகிறது என்பது. இதற்கு இரண்டு வாளி போதும். ஒன்று அடிப்பாகம் உள்ளது, மற்றொன்று அடிப்பாகத்தை அறுத்தெடுத்தது. இரண்டையும் வயல் மண்ணில் ஒரு சாண் ஆழம் புதைத்து, உள்ளே அதே நாற்றை நட்டு, வெளியே நிற்கும் மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு அளவுகோலை வைத்துப் பார்க்கட்டும். அடி உள்ள வாளியில் குறைவது ஆவியானது மட்டும். அடி இல்லாததில் குறைவது ஆவியானதும் கீழிறங்கியதும். வெளியே வயலில் இன்னும் கூடுதலாகக் குறைந்தால் வரப்பில் நண்டு வளையோ ஓட்டையோ இருக்கிறது. மழை நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நல்ல களிமண்ணில் கீழிறங்குவது நாளைக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர். மணற்பாங்கான நிலத்தில் 25க்கு மேலும் போகலாம். இந்த வேறுபாட்டை எந்தச் செயற்கைக்கோளும் அவருக்குச் சொல்லாது.

மடையை எப்போது திறப்பது என்பதற்கும் எளிய வழி இருக்கிறது. அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது அது. பக்கவாட்டில் துளையிட்ட, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிவிசி குழாயின் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் தண்ணீர் விட்டால் போதும். பூக்கும் காலத்தில் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். தமிழ்நாட்டிலும் விவசாயிகள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பினாங்கின் குடிநீருக்கு எடுக்கப்படும் ஆற்றுநீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. லஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, உங்கள் வீட்டுக் குழாய்க்கு அனுப்புகிறார்கள். அதே ஆறு கெடாவிலும் வட செபராங் பிறையிலும் வயல்களை நனைக்கிறது. ஆகவே அக்கம்பக்கத்தில் எழும் கவலை நியாயமானதே. ஆனால் நெல்மீது சுமத்தும் பழி பாதிதான் சரி.

வானுக்கு நீரை அனுப்புவது நெல் மட்டுமல்ல. நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். அந்த மழைக்காடு ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் நீரை வானுக்கு அனுப்புகிறது. மேலே சொன்ன கையேடு செம்பனைக்குத் தரும் பெருக்கெண் ஏறத்தாழ 1. அதாவது வயலைச் செம்பனைத் தோட்டமாக்கினாலும் வானுக்குப் போகும் நீர் பெரிதாகக் குறையாது. நெல்லுக்குத் தனியாக ஆகும் செலவு பருவத் தொடக்கத்தில், உழவுக்கு நிலத்தை ஊறவைப்பதில்தான் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் 150 முதல் 250 மில்லிமீட்டரில் முடியும். பெரிய பாசனப் பரப்பில் ஒருவர் இன்று, அடுத்தவர் மூன்று வாரம் கழித்து என்று இழுத்துக்கொண்டே போனால் 650க்கு மேலும் ஆகும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. முன்னதாக நனைத்த வயல் காத்திருந்து காத்திருந்து தண்ணீரை இழக்கிறது.

செயற்கைக்கோளின் இடம் இங்கேதான். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடாருக்கு மேகம் தடையில்லை. தண்ணீர் தேங்கிய வயல் அதன் படத்தில் கறுப்பாக விழும், தண்டு எழ எழ வெளுக்கும். எந்தப் பகுதி எந்த வாரம் நனைந்தது, எப்போது நட்டார்கள் என்று ஊர் முழுவதற்கும் வரைபடம் போட்டுவிடலாம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், 'ரைஸ்' என்ற கூட்டுத் திட்டத்தில் காவிரி டெல்டாவுக்கு இப்படியே நெல் வரைபடம் தயாரித்தது. 2016-17 வறட்சியில் சம்பா நடவு பொய்த்த கிராமங்களை அடையாளம் காணவும், விவசாயிகளுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்கவும் அது உதவியது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் நீண்ட அலை ரேடார் இலைகளை இன்னும் நன்றாக ஊடுருவிப் பார்க்கும்.

அந்த வரைபடத்தை, ஆற்றிலிருந்து நாள்தோறும் வாய்க்காலுக்கு விட்ட நீரின் பதிவோடு ஒப்பிட்டால் வடிகாலில் போனது எவ்வளவு என்பது தோராயமாகத் தெரியவரும். கெடாவில் மூடா பாசனத் திட்டம் வடிகால் நீரைப் பம்பு செய்து மறுபடியும் வயலுக்கே அனுப்புகிறது. ஆற்றின் மேல்பகுதியில் வடியும் நீர் கீழே உள்ளவருக்குக் கிடைக்கும். பெனாகாவில் வடிவது நேரே கடலுக்குப் போகிறது. அதனால் இந்தக் கடற்கரை வயல்களில் மிச்சம் பிடிக்கும் வடிகால் நீர் உண்மையான மிச்சம். இந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் பாசன நிர்வாகமும் மாநில அரசும். ரேடார் படங்கள் இலவசம். செலவைத் தனி விவசாயியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

தம்பிக்கு இன்னும் ஆசை இருந்தால், விற்பவரிடம் சென்ற பருவத்தில் மழையில்லாத ஒரு வாரத்துக்கான நீர்க்கணக்கைப் பக்கத்து வயலுக்குக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதிப் படம், இந்த வட்டாரத்தில் எந்த அளவீட்டோடு சரிபார்த்தது என்பதையும் எழுத்தில் தரட்டும். அடுத்த பருவம் வாளிகளை வைத்துப் பார்த்த எண்கள் கையில் இருக்கும்போது, இரண்டையும் பக்கத்தில் வைத்து அவரே முடிவெடுக்கலாம்.