ரேடியோ பாடுது, எண் தெரியல!

எங்க மாமா காரில் ரேடியோ பாடும். எண் மட்டும் தெரியாது. "செட்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்றார் கடைக்காரர். மாமா முகம் வாடிடுச்சு.

நான் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். மங்கலாக 102.5! நம்ம தருமபுரி வானொலிதான்.

காரணம் என்ன? எல்.சி.டி. தானாக ஒளிராது. பின்னால் உள்ள விளக்குதான் வெளிச்சம் தரும். அது அணைந்தாலும் எண் இருக்கும். டார்ச்சிலும் தெரியாவிட்டால் இணைப்பைப் பார்க்கணும்.

எண்ணில் கோடு விடுபட்டால் 88.8 வையுங்கள். 8-க்கு 7 கோடும் வேண்டும். நடுக்கோடு போனால் 0 போலத் தெரியும்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுக்கணும். பெரியவர்கள் துணை அவசியம்.

மெக்கானிக் அண்ணன் சின்ன பல்பு மட்டும் மாற்றினார். செட்டு பிழைச்சுது!

யோசியுங்கள்: எந்தக் கோடு போனால் 8, 6 ஆகும்?